சாயம் காயாத சேவல்

பொறாமை கெட்ட குணம் என்று சொல்கிறவர்களுக்குத் தன் வயதிலேயே ஒரு பங்காளி இருந்திருக்க மாட்டான். இருந்திருந்தாலும் அவன் கோயமுத்தூரில் மில் வேலைக்குப் போயிருக்க மாட்டான். போயிருந்தாலும் பொங்கலுக்கு ஊர் வரும்போது நெஞ்சில் படம் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்க மாட்டான். என் பங்காளிக்கு இந்த எல்லா யோக்கியதையும் இருந்தது.

அவன் என் பெரியப்பா மகன். என்னைவிடச் சில மாதம் மூத்தவன். முறைப்படி அண்ணன், பேச்சில் வாடா போடாதான். எங்கள் ஊர் கேரள எல்லையில், வாளையாருக்குத் தெற்கே, செக்போஸ்டில் காத்து நிற்கும் லாரிகளின் ஹாரன் காற்று திரும்பினால் காதில் விழும் தூரத்தில் இருந்தது. ரேஷன் கார்டும் பள்ளிக்கூடமும் மலையாளத்தில். வீட்டுப் பேச்சும் கல்யாணம் காட்சியும் கோயமுத்தூர்ப் பக்கம். எழுபதுகளின் நடுவில் எங்கள் பக்கத்து ஆண்களுக்குப் பனியன் என்றால் வெள்ளை, கை இல்லாதது, சட்டைக்கு உள்ளே போடுவது. அவன் போட்டு வந்தது கை வைத்தது, மஞ்சள் நிறம். அதில் நீல அலையும் ஒரு தென்னை மரமும் இருந்தன. சட்டையே போடாமல் அதை மட்டும் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்தான். வெட்கமில்லாதவன் என்று நான் நினைத்தேன். ஊர் அப்படி நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் அத்தை வீட்டு வாசலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அத்தை என்றால் அவன் அப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே தங்கை. அத்தையின் மகள் முறுக்குத் தட்டோடு வெளியே வந்தாள். வந்தவள் தட்டை வைத்துவிட்டுப் போகவில்லை. அவன் முன்னால் நின்று குனிந்து பனியனையே பார்த்தாள்.

"ஏனுங்க மச்சான், இது துணியோட நெய்ஞ்ச படமுங்களா, அப்பறமா ஒட்டுனதுங்களா?"

"சுரண்டிப் பாரு" என்றான் அவன்.

அவளும் சுரண்டினாள். அவள் விரல் நகம் அவன் நெஞ்சில் இருந்த தென்னை மரத்தை மேலிருந்து கீழாகச் சுரண்டியது. என் வாயிலிருந்த முறுக்கை மென்று விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவளுக்கு நாங்கள் இரண்டு பேருமே முறை மாப்பிள்ளைகள். "ரெண்டும் என்ற அண்ணமாரு பசங்க. எவனுக்குக் குடுத்தாலும் எனக்கு ஒண்ணுதான். அவ மனசு எங்க சாயுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று அத்தை முந்தின வருஷமே சொல்லி வைத்திருந்தாள். அந்த மனசு தென்னை மரத்தின் பக்கம் சாய்வதை நான் முறுக்கும் வாயுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடையில் போய் அதே மாதிரி ஒன்று வாங்கியிருக்கலாம். அப்போது ஊர் என்ன சொல்லும்? அவனைப் பார்த்து இவனும் வாங்கிவிட்டான் என்று சொல்லும். அவன் வாங்கியதுபோல நான் வாங்குவதில்லை, அவனால் ஆகாததை நானே செய்வது என்று அன்று படுக்கும்போதே முடிவு செய்தேன்.

மில் ஆள்களிடம் கேட்டால் அவன் காதுக்குப் போய்விடும். அதனால் கோயமுத்தூருக்கு நான் தனியாகப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கல்யாண வீடுகளில் தாம்பூலத்துக்குக் கொடுக்கும் மஞ்சள் பைகளில் பெயர் அச்சடிக்கும் இடம் இருந்தது. வாசல் கதவு திறந்தே கிடந்தது. எதிரே டீக்கடை. நான் அங்கே உட்கார்ந்து டீக்கு மேல் டீயாகக் குடித்தபடி பார்த்தேன். ஒரு மரச் சட்டம், அதில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி. சட்டத்தைப் பையின் மேல் வைத்து, ஒரு ஓரத்தில் சாயத்தை ஊற்றி, ரப்பர் வைத்த கட்டையால் ஒரே இழுப்பு. சட்டத்தைத் தூக்கினால் பையில் மணமக்கள் பெயர். துணியில் எழுத்து இருக்கும் இடம் மட்டும் திறந்திருக்கிறது, மற்ற இடமெல்லாம் எதையோ பூசி அடைத்திருக்கிறார்கள், சாயம் திறந்த இடத்தில் மட்டும் இறங்குகிறது. அவ்வளவுதான் சங்கதி. இவ்வளவு சுலபமான ஒன்றைப் போட்டுக்கொண்டா அவன் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நடந்தான் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

"தம்பி யாரைப் பார்க்கோணும்?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். அச்சடிக்கும் வீட்டு மாடியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். டீக்குக் காசை வைத்துவிட்டு நடையைக் கட்டினேன்.

சாயக் கடைக்காரர் நல்ல மனிதர். சிவப்புச் சாயக் குழம்பும் அதை இறுக்கிப் பிடிக்கும் பசையும் கொடுத்து, மண்ணெண்ணெய் விட்டு எப்படிக் கலக்குவது என்று சொன்னார். "அடிச்ச பொறவு நல்ல வெயில்ல சில நாள் காயட்டும். அப்பறம் துணியைத் திருப்பிப் போட்டுச் சூடாத் தேச்சுருங்க. அதுவரைக்கும் தண்ணி காட்டீராதீங்க, எல்லாம் போயிரும்" என்றார். நான் தலையாட்டினேன். இந்த வார்த்தைகளை அப்புறம் நான் அவளிடம் ஏதோ நானே கண்டுபிடித்தது போலச் சொன்னேன். அதுதான் வினை.

வீட்டில் அம்மாவுக்குச் சீராக வந்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. கனமான மூடி, பித்தளைக் கீல். மூடியைத் தூக்கலாம், இறக்கலாம், அது இம்மி நகராமல் அதே இடத்தில் வந்து உட்காரும். அச்சடிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? மூடியின் நடுப் பலகையை அறுத்து எடுத்தேன். நான்கு பக்கமும் சட்டம் மட்டும் நின்றது. உள்ளே விளிம்பு வரை கட்டைகளை அடுக்கி மேலே ஒரு பலகையைப் போட்டேன். பனியனைப் பலகையில் விரித்து மூடியை இறக்கினால் சட்டம் சரியாக மேலே அமர்ந்தது. அம்மா கடலைக் களத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நாசமாப் போறவனே, என்ற பெட்டிக்குச் சன்னல் வெச்சுட்டியேடா!"

இரண்டு நாள் என் சோற்றில் குழம்பு ஊற்றவில்லை. அப்பா மட்டும் மூடியைத் தூக்கித் தூக்கி இறக்கிப் பார்த்தார். கீல் நல்ல கீல் என்றார்.

சாயத்தை வழிக்கிற கட்டைக்கு முதலில் லாரி டியூபை வெட்டி வைத்தேன். அது குழைந்து மடங்கியது. பழைய ரப்பர் செருப்பின் அடியை நேராக அறுத்து இரண்டு ரீப்பர் கட்டைக்கு நடுவே வைத்து ஆணி அடித்தேன். அது நின்றது. துணிதான் நிற்கவில்லை. என் வேட்டியைக் கிழித்துக் கட்டினால் சாயம் இறங்கவே இல்லை. அம்மாவின் பழைய, மெல்லிய வாயில் ரகப் புடவையைக் கட்டினால் மொத்தமாக ஒழுகியது. பனியனில் விழுந்தது படம் இல்லை, வெற்றிலை எச்சில் துப்பியது போன்ற ஒரு கறை.

இந்த நிலையில்தான் ஒரு நாள் அத்தை வீட்டுக்குப் போனேன். கொடியில் அவளுடைய நைலான் தாவணி காய்ந்துகொண்டிருந்தது. வெயில் அதில் ஒரே சீராகப் புகுந்து வந்தது. அருகில் போய் ஓரத்தைப் பிடித்துக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தேன். இழைக்கும் இழைக்கும் நடுவே சின்னச் சின்னக் கட்டம், எல்லாம் ஒரே அளவு. எனக்கு வேறு நினைப்பே இல்லை, சத்தியமாக.

"ஏனுங்க, என்ற தாவணியில அப்படி என்னத்தத் தேடறீங்க?"

பின்னால் அவள். இடுப்பில் தண்ணீர்க் குடம். எனக்கு முகமெல்லாம் சுட்டது. தாவணியை விடவும் தோன்றாமல் கையில் பிடித்தபடியே மூடி, சட்டம், சாயம், செருப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உளறினேன். அவள் சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தாவணியின் மறு ஓரத்தைப் பிடித்து அவளும் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தாள்.

"இதுல பூசி அடைக்கறதுக்கு என்ன வெச்சுருக்கீங்க?"

நான் அதுவரை மெழுகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய் பட்டால் அது இளகிப் போனது. கட்டிலுக்கு மெருகு போட ஆசாரி ஸ்பிரிட்டில் கரைக்கிற அரக்கைப் பூசினால் என்ன என்று அவள்தான் கேட்டாள். மறுநாள் ஒரு பழைய ஊதாத் தாவணியை மடித்து எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா வாசலில் கடலை உடைத்துக்கொண்டு காவல் இருந்தாள். நாங்கள் கொட்டகையில் பெட்டியோடு உட்கார்ந்தோம்.

நான் பனியனில் புலி போட நினைத்திருந்தேன். தென்னை மரத்தை அடிக்கப் புலிதான் சரி.

"புலிய நீங்க பார்த்திருக்கீங்களா?"

"படத்துல பார்த்திருக்கேன்."

"அப்பப் படத்துல இருக்கற புலிதான் வரும். சும்மா இருங்க."

அவள் வாசலில் மேய்ந்துகொண்டிருந்த எங்கள் சேவலைப் பார்த்துப் பார்த்துத் தாவணித் துணியில் பென்சிலால் வரைந்தாள். கோலம் போட்ட கை, கோடு எங்கும் தயங்கவில்லை. கழுத்து மயிர் சிலிர்த்து, ஒரு காலைத் தூக்கி, யாரையோ கொத்தப் போகிற சேவல். வரைந்து முடித்து என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களாட்டமே இருக்குதுங்க" என்றாள். அம்மா வாசலிலிருந்து சிரித்தாள். எனக்கு அதைவிடப் பெரிய வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

ஆனால் சேவல் என் பேச்சைக் கேட்கவில்லை. நான் கட்டையை இழுத்தால் வால் பக்கம் சாயம் கூடி வழிந்தது, கொண்டைப் பக்கம் வெளிறியது. அவள் இழுத்தால் ஒவ்வொரு இறகும் தனித்தனியாக வந்தது. கட்டையைக் கொஞ்சம் சாய்த்து, அழுத்தாமல், நடுவில் நிறுத்தாமல் இழுக்க வேண்டும் என்றாள். நானும் அப்படித்தான் இழுத்தேன். பெட்டி என்னுடையது, செருப்பு என்னுடையது, சாயம் நான் வாங்கி வந்தது, திட்டு வாங்கியவனும் நான். நான் அவள் கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவள் வீட்டுக்குப் போன பிறகு தனியாக இழுத்துப் பார்ப்பேன். மறுநாள் அவள் வந்து, கெட்டுப்போன துணியைப் பார்த்துவிட்டுச் சட்டத்தைத் துடைப்பாள்.

ஒரு நாள் சாயம் கலக்கிக்கொண்டே, "நல்ல கெட்டிப் பனியனா இருந்தா இன்னும் எடுப்பா விழும். கோயமுத்தூர் மச்சானைக் கேட்டா எங்க கிடைக்கும்னு சொல்லுவாரு" என்றாள்.

நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்துத் தென்னைக்கு ஊற்றினேன். அப்புறம் அது தென்னை என்பது நினைவுக்கு வந்து, அதற்கு ஊற்றுவதையும் நிறுத்தினேன். திரும்பி வந்தபோது அவள் போயிருந்தாள். சட்டத்தைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

சித்திரையில் மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது, எங்கள் பேச்சில் நோம்பி. எங்கள் பக்கம் நோம்பியின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. முறையுள்ள பெண்கள் மஞ்சள் கரைத்த தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு தெருவில் வருவார்கள். மாமன், மச்சான் யார் கண்ணில் பட்டாலும் தலையில் ஊற்றுவார்கள். அன்றைக்கு நனையாமல் வீட்டுக்குப் போகிறவன் அசலூர்க்காரனாக இருக்க வேண்டும், அல்லது வேண்டாதவனாக இருக்க வேண்டும். கல்யாணப் பேச்சு ஓடுகிற பெண் யார் மேல் எத்தனை குடம் ஊற்றுகிறாள் என்று பார்ப்பதற்கே கோயில் வாசலில் பெரியவர்கள் இடம் பிடித்து உட்காருவார்கள். அத்தையும் பங்காளியின் அம்மாவான பெரியம்மாவும் அந்த வருஷம் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். அவளை எனக்குக் கொடுப்பதா அவனுக்குக் கொடுப்பதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும் என்று ஊருக்கே தெரியும்.

நோம்பிக்கு முன்னால் கோடை மழை பிடித்துக்கொண்டது. அடித்ததெல்லாம் ஈரத்தில் ஊறியது. நீராட்டுக்கு முந்தின நாள் மத்தியானம்தான் ஒரு பனியனில் சேவல் குறையில்லாமல் விழுந்தது. வெள்ளைத் துணியில் ரத்தச் சிவப்பு, நெஞ்சு நிறைய. அவள் இழுத்தது. அவள் அதை எங்கள் சமையல்கட்டில் அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுவிட்டுப் போனாள். போகும்போது, "இதை எனக்காகப் பத்திரமா வெச்சுக்கங்க" என்றாள். விடிந்ததும் தொட்டுப் பார்த்தேன். காய்ந்தது போலத்தான் இருந்தது. தேய்க்கிற பெட்டி கேட்டு வண்ணார் வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். நோம்பி நாளில் யார் தருவார்கள்? தேய்க்காவிட்டால் என்ன, போட்டுக்கொள்ளலாம் என்று போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

தெருவில் நடந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முக்குச் சாயாக்கடை மலையாளி என்னை நிறுத்தி, "கோழி கொள்ளாமல்லோ!" என்றார். நன்றாயிருக்கிறது என்று பாராட்டுகிறார்.

"கோழியில்லை, சேவல்" என்றேன்.

"ஆயிக்கோட்டே" என்றார், சரி இருக்கட்டும் என்கிற மாதிரி.

கோயில் வாசலில் என் பங்காளி நின்றிருந்தான். அதே தென்னை மரப் பனியன், கொஞ்சம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டும் என்று எத்தனை நாள் கனவு கண்டிருப்பேன்! அவன் ஓடி வந்து என் தோளைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினான்.

"டேய், நீயே அடிச்சதாமா? கோயமுத்தூர்லயே இப்படி ஒண்ணு கிடையாதுடா. எனக்கும் ஒண்ணு அடிச்சுக் குடுடா, மில்லுல எல்லாரும் வாயப் பொளப்பானுக."

அவனுக்குப் பொறாமைப்படவே தெரியவில்லை. அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

உடுக்கையும் பறையும் ஓங்கின. பெண்கள் குடங்களோடு வந்தார்கள். அவளும் வந்தாள், பச்சைத் தாவணி, தலை நிறைய மல்லிகை. நேராக எங்கள் பக்கம் நடந்தாள். முதலில் அவன் மேல் ஊற்றினாள். ஒரு குடம் முழுக்க, தலையிலிருந்து கால் வரை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். பக்கத்துத் தொட்டியில் குடத்தை நிரப்பிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் தலையைக் குனிந்து நின்றேன். தண்ணீர் விழவில்லை. நிமிர்ந்தேன். அவள் என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதட்டைக் கடித்தாள். அப்புறம் என்னைச் சுற்றிக்கொண்டு போய், பின்னால் நின்ற வேறு யாரோ ஒரு மாமன் மேல் அந்தக் குடத்தைக் கவிழ்த்தாள்.

மறுபடி வருவாள் என்று நின்றேன். குடம் குடமாக அவள் ஊரையே நனைத்தாள். என் பக்கம் வரவில்லை. சுற்றிலும் எல்லோரும் மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன் மட்டும் காய்ந்துபோய், நெஞ்சில் ஒரு சேவலோடு நின்றேன்.

"ஏனப்பா, உம்மேல ஒரு சொட்டுக்கூடப் படுலையே, நீ அசலூரா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். சிரிப்பு எழுந்தது. கோயில் படியில் அத்தை பெரியம்மா பக்கம் திரும்பி ஏதோ சொல்ல, பெரியம்மா தலையை ஆட்டினாள். அது என்ன பேச்சு என்று எனக்கு விளங்காமல் இல்லை.

கொட்டகையில் உட்கார்ந்து சேவல் வரைந்ததும், உங்களாட்டமே என்று சொன்னதும் எதற்காக? விளையாட்டுக்கா? பக்கத்தில் இருந்த பெண்ணின் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கினேன். "எனக்கு யாரும் ஊத்த வேண்டாம்" என்று கத்திவிட்டு நானே என் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

தண்ணீர் கண்ணிலிருந்து வடிவதற்குள் அவள் அலறல் கேட்டது.

"ஐயோ, என்ற சேவலு!"

குனிந்து பார்த்தேன். சேவலின் கொண்டை கழுத்தில் இறங்கியது. கழுத்து வயிற்றில் இறங்கியது. சிவப்பு வேட்டி வரை ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். கண்ணில் நீர்.

"புத்தி இருக்குதாங்க உங்களுக்கு? தண்ணி காட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க! இன்னும் தேய்க்கவே இல்லையே. அதுக்காகத்தானே ஊத்தாமப் போனேன்! எத்தனை நாள் இழுத்து வந்துச்சு அது!"

பறைக்காரரும் அடிப்பதை நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் ஊரே அவளையும் என்னையும் என் நெஞ்சில் ஓடும் சிவப்பையும் பார்த்தது. அத்தை படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஏண்டி, அந்தச் சேவலு நீ போட்டதா?"

அவள் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். எனக்கு ஓட இடமில்லை.

கோயில் வாசலில் நின்று கத்தியவளுக்கும், குடத்தைத் தன் தலையில் தானே கவிழ்த்துக்கொண்டவனுக்கும் இப்போதைக்கு எந்தப் பேச்சும் வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாள். அடுத்த நோம்பி வரட்டும் என்றாள். அத்தை மகள் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. அது அத்தை போட்ட தடை. அவளும் என்னோடு பேச மறுத்தாள். அதற்குக் காரணம் சேவல். ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து என் அம்மாவுக்கு ஒரு சொல் வந்தது. "பெட்டிய இங்க தாட்டி விடுங்க அத்தை. அங்க அது சும்மாதானே கெடக்குது."

நானே மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் அத்தை வீட்டுத் தாழ்வாரத்தில் இறக்கினேன். அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். மூடிச் சட்டத்தில் ஒரு மூலை பிசகியிருப்பதைப் பார்த்து, "ஆணி கொண்டாந்தீங்களா?" என்றாள். அவ்வளவுதான் அந்த வருஷம் முழுக்க எனக்குக் கிடைத்த பேச்சு.

அந்த வருஷத்தைப் போல ஒரு வருஷத்தை என் எதிரிக்கும் நான் விரும்ப மாட்டேன். அவள் தலையணை உறையில் அடித்தாள், மஞ்சள் பையில் அடித்தாள், அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் பாவாடையில் அடித்தாள். கெட்டிப் பனியன் வாங்கி வருவது யார்? என் பங்காளி. ஊருக்கு வரும்போதெல்லாம் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து அத்தை வீட்டில் இறக்கினான். அங்கே காப்பி குடித்தான். என் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தான். குடித்துவிட்டு என் வீட்டுக்கு வந்து, "அந்தப் புள்ளைக்கு என்ன கையிடா!" என்று என்னிடமே சொன்னான். நான் மாட்டுக்குத் தீனி போட எழுந்துவிடுவேன். அந்த வருஷம் எங்கள் மாடுகள் கொழுத்தன.

மறு வருஷ நோம்பிக்கு முன்னால் அம்மா ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். "உன்ற அத்தை மக குடுத்து விட்டா." உள்ளே வெள்ளைப் பனியன், சிவப்புச் சேவல். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் தேய்த்த சூட்டில் துணி லேசாகப் பழுத்திருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலை சுற்றியது. கோயில் வாசலுக்குப் போகும் வரை சுற்றியது. அங்கே என் பங்காளி நின்றிருந்தான். அவன் நெஞ்சிலும் சேவல். அதே சிவப்பு, அதே சிலிர்த்த கழுத்து, என்னாட்டமே இருப்பதாக அவள் சொன்ன அதே சேவல்.

"பாத்தியாடா, எனக்கும் குடுத்துட்டா" என்றான்.

அந்த நிமிஷம் அவனைக் கொன்றிருந்தால்கூட எனக்கு வருத்தம் இருந்திருக்காது.

பறை ஓங்கியது. அவள் குடத்தோடு வந்தாள். போன வருஷம் போலவே நேராக அவனிடம் போனாள். படியில் அத்தையும் பெரியம்மாவும் கழுத்தை நீட்டினார்கள். அவள் ஒரே வீச்சாக அவன் நெஞ்சில் ஊற்றினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தத் தடவை எந்தக் குடத்தையும் பிடுங்குவதில்லை, வீட்டுக்குப் போய்விடுவது, அதோடு சரி என்று நினைத்துத் திரும்பினேன்.

"நில்லுங்க, எங்க போறீங்க?"

திரும்பிப் பார்த்தேன். அவள் அவன் முன்னால் குனிந்து, நனைந்த பனியனை ஓரத்தில் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டையைப் பார்த்தாள், வாலைப் பார்த்தாள். தண்ணீர் மஞ்சளாகத்தான் வடிந்தது, ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை. பிறகு தொட்டியில் குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"அவரு மேல ஊத்திப் பாத்தனுங்க. போகுல. அப்பறந்தான் உங்க மேல ஊத்தத் தெம்பு வந்துச்சு."

சொல்லிவிட்டுக் குடத்தை என் தலையில் கவிழ்த்தாள். இன்னொரு குடம். அப்புறம் இன்னொன்று. ஊர் எண்ணிக்கொண்டு கூச்சல் போட்டது. படியில் அத்தை, "சரி, இனி என்ன யோசனை" என்று சொல்வது காதில் விழுந்தது. என் பங்காளி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். தான் வெள்ளோட்டத்துக்கு நின்றவன் என்று தெரிந்தும் அப்படிச் சிரித்தான் பாவி.

கண்ணில் மஞ்சள் எரிந்தது. துடைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த ஒரு பார்வைக்காகத்தானே பெட்டியை அறுத்ததும், டீ டீயாகக் குடித்ததும், ஒரு வருஷம் மாட்டுக் கொட்டகையில் கிடந்ததும். அவள் முகம் மலர்ந்திருந்தது, கண் பளபளத்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. சேவலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.